கொட்டாரத்தில் தாத்தாவின் வீடு

தாத்தா கொழும்புக்குப் போன வழியிலேயே திரும்பி வருகிறேன். கொழும்பில் கிளம்பும்போது அது பெருமையாக இருந்தது. தூத்துக்குடியில் கப்பலை விட்டு இறங்கி, ரயில், பஸ், மாட்டுவண்டி என்று மாறி மாறி ஏறியதில் இப்போது இடுப்புவலிதான் மிச்சம்.

ஒருவழியாக கொட்டாரத்தில் வீடு அகப்படுகிறது. முற்றத்தில் காயும் நெல்லை ஓர் அம்மாள் காலால் துழாவிக்கொண்டிருக்கிறாள். தாத்தாவின் பெயரைச் சொல்கிறேன். கால் நின்றுவிடுகிறது.

"அவரு எங்க அம்மைக்குத் தாய்மாமன். பங்கு கேட்டு வந்தியளோ?"

"இல்லை அம்மா. எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகத்தான்."

"உங்க வீடா? இங்க மருமக்கவழியாக்கும். மாமனுக்க வீடு அக்கா தங்கச்சி பெத்த மருமக்கமாருக்கு. பெத்த மக்க எல்லாம் அம்மைக்க குடும்பம். உங்க ஆச்சிக்கு எந்த ஊரு?"

தாத்தா நடந்த கணவாய், படுத்த சத்திரம், ஏறிய துறை எல்லாம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பாட்டியும் கூடவேதான் நடந்தாள். அவள் ஊரை ஒருவரும் கேட்டதில்லை.

அம்மாள் செம்பில் மோர் தருகிறாள். குடித்துவிட்டு வண்டியில் ஏறுகிறேன்.

"இனி எங்க போணும்?" என்கிறார் வண்டிக்காரர்.