தொட்டுக் கும்பிட்ட கம்ப்யூட்டர்

திருமங்கலத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தேன். இருந்தேன் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். பிரசவ விடுப்பில் போன ஒருவரின் இடத்துக்கு வந்து, அவர் திரும்பி வராததால் ஒட்டிக்கொண்டிருந்த தற்காலிக டீச்சர் நான். எண்பதுகளின் நடுவில் எங்கள் பள்ளிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கான இரண்டு வாரப் பயிற்சிக்கு மதுரைக்குப் போக மற்ற டீச்சர்கள் எல்லாரும் பின்வாங்கினார்கள். புருஷன், பிள்ளை, மாமியார் என்று ஆளுக்கொரு காரணம். எனக்கு அந்த மூன்றும் இல்லை. நான் போனேன்.

மூன்றும் வந்துவிடக் கூடாது என்பதுதான் அப்போது என் ஒரே கவலை. வேலை நிரந்தரமானால் கல்யாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம், ஆகாவிட்டால் வைகாசியில் முகூர்த்தம் என்று அப்பா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குக் கப்பலூரில் சொந்தமாக லேத் பட்டறை. நல்ல குடும்பம்தான். எனக்குத்தான் இஷ்டமில்லை.

மாசி மாதம் பெரிய டீச்சர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"அடுத்த வாரம் கல்வி அதிகாரி வாராரு. கம்ப்யூட்டர் கிளாஸைப் பாக்கத்தான் வாராரு. அவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா உன் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிருவாரு. இல்லேன்னா என் கையில ஒண்ணும் இல்ல, பாத்துக்கம்மா."

எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. காரணம் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரை எங்கள் பிள்ளைகள் ஒருத்திகூடத் தொட்டதில்லை.

பழைய ஸ்டோர் ரூமை வெள்ளையடித்து அதை வைத்திருந்தோம். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தையல் கிளாஸ் பிள்ளைகள் பூப்போட்டுத் தைத்த உறை அதன் மேல் கிடக்கும். உறையை எடுக்கும் உரிமை எனக்கு மட்டும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேரும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். "நாப்பது கை பட்டா நாலு நாள் தாங்காது" என்பது பெரிய டீச்சரின் கட்சி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை.

ஆகவே பாடமெல்லாம் கரும்பலகையில்தான். வாய்ப்பாடு போடும் நாலு வரி நிரல் ஒன்று எழுதிப்போட்டேன். பிள்ளைகள் அதைக் கூட்டமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். "பத்து, இன்புட் என். இருபது, ஃபார் ஐ ஈக்வல் டு ஒன் டு சிக்ஸ்டீன்." தெருவில் போகிறவர்கள் ஏதோ சுலோகம் என்று நினைத்திருப்பார்கள்.

இது ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு பெண்ணும் வாரம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் பயிற்சி செய்ததாக ஒரு பதிவேடு இருந்தது. மேலிடத்தில் கேட்பார்கள், எழுதி வை என்று பெரிய டீச்சர் சொன்னார். சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, ஒரே நாளில் எழுதியது தெரியக் கூடாது என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதினேன். கீழே என் கையெழுத்து. பெரிய டீச்சர் கையெழுத்து எங்கேயும் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதிகாரிக்குக் காட்ட நான் வைத்திருந்தது வேறு. பயிற்சியில் ஒரு கேசட் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அணைத்தவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும். நிரலைச் சாதாரணப் பாட்டு கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு, டேப் ரிக்கார்டரை அதோடு சேர்த்து ஓடவிட வேண்டும். அந்தக் கேசட்டில் இருந்தது இருதயம். திரையில் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடும், இருதயம் சுருங்கி விரியும். அதைக் காட்டினால் எந்த அதிகாரியும் வாயைப் பிளப்பார். பிள்ளைகள் பக்கம் அவர் திரும்பவே மாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அதிகாரி வந்தார். முதலில் பிரேயர். எல்லாவற்றிலும் நவீனம் தெரிய வேண்டும் என்று பெரிய டீச்சருக்கு ஒரு யோசனை. கடவுள் வாழ்த்தைப் பிள்ளைகள் பாட வேண்டாம், டேப் ரிக்கார்டர் பாடட்டும் என்று விட்டார். முந்தின நாள் பாட்டு டீச்சர் பதிவு செய்திருந்தார். ஒலிபெருக்கியில் பாட்டு நன்றாகத்தான் வந்தது. அதிகாரி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பாட்டு முடிந்தது. யாரும் டேப்பை நிறுத்தவில்லை. அடுத்த நொடி, கீச்சென்று காதைக் கிழிக்கிற ஓர் இரைச்சல் மைதானம் முழுக்கக் கேட்டது.

பிள்ளைகள் காதைப் பொத்திச் சிரித்தார்கள். அது டேப்பின் கோளாறு இல்லை. என் இருதயம். நிரல் பதிந்த கேசட்டைப் பாட்டு மாதிரி போட்டுக் கேட்டால் அப்படித்தான் கத்தும்.

பாட்டு டீச்சரிடம் ஓடினேன். "அலமாரியில இருந்துச்சு டீச்சர். போட்டுக் கேட்டேன், வெறும் கீ கீன்னுச்சு. கெட்டுப்போன கேசட்டுதானேன்னு..." என்றார் பாவம் போல. அழிக்க முடியாதபடி கேசட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டையும் ஒடித்துவிடச் சொல்லித்தான் பயிற்சியில் சொன்னார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய சாமானை ஒடித்ததற்கு யார் பதில் சொல்வது என்று பயந்து நான்தான் விட்டுவிட்டேன். இருந்தும் அவரை நாலு வார்த்தை கேட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும்.

கம்ப்யூட்டர் அறையில் அதிகாரி உட்கார்ந்துவிட்டார். மேஜை மேல் பதிவேடு. சாக்பீஸ் கோட்டை அன்று காலையில்தான் ஈரத்துணியால் துடைத்திருந்தோம். பெரிய டீச்சர் என் காதருகே வந்து, "மெயினை ஆஃப் பண்ணச் சொல்லட்டுமா? கரண்ட் போச்சுன்னு சொல்லிரலாம்" என்றார். ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. அதற்குள் அதிகாரி, "என்னம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"கேசட்டு அழிஞ்சுபோச்சு சார்" என்று சொல்லிவிட்டேன்.

"அது போகட்டும். பிள்ளைங்களுக்கு என்ன தெரியும்?"

"வாய்ப்பாடு நிரல் தெரியும் சார்."

"சரி, ஒரு பிள்ளையை அடிக்கச் சொல்லுங்க. நீங்க தள்ளி நில்லுங்க."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரைக் கூப்பிட? கப்பலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் முன்வரிசையில் நின்றாள். அப்பா அம்மா இருவரும் பருத்திக் காட்டில் வேலை செய்கிறவர்கள். நெட்டை, வாய் துடுக்கு, எதையும் சத்தமாகச் சொல்வாள். நான் கண்ணைக் காட்டும் முன்பே அவள் வந்து நாற்காலி முன் நின்றாள். நின்றவள், இரண்டு உள்ளங்கையையும் பரப்பி விசைப்பலகை மேல் வைத்து, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புதுப் புத்தகத்தைத் தொட்டுக் கும்பிடுவது போல.

திரை முழுக்க ஜேயும் கேயும் எல்லுமாகத் தாறுமாறாக எழுத்துகள் ஓடின. பெரிய டீச்சர் "அய்யய்யோ" என்றார். அதிகாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டெலீட் அமுக்கு" என்றேன். அழித்தாள். பின்னால் நின்றவர்கள் தாமாகவே ஆரம்பித்தார்கள். "பத்து, இன்புட் என்..." அவள் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினாள். "ஏபிசிடி வரிசையா இல்லையே டீச்சர்! பி எங்கிட்டு இருக்கு?" இன்புட் என்ற ஒரு வார்த்தைக்கு என் உயிரே போய்விட்டது. பெருக்கல் குறி கிடைக்காமல் தவித்தாள். "ஷிஃப்டை அமுக்கிக்கிட்டே அடி" என்றேன். வியர்வை அவள் மூக்கு நுனியில் நின்றது. பின்வரிசை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது, அவள் எழுத்தைக் கண்டுபிடிக்கும்வரை அதே வார்த்தையைத் திரும்பத் திரும்ப.

நாலு வரியும் முடிந்தது. அதிகாரி முப்பத்தேழு என்று ஓர் எண் கொடுத்தார். அவள் அடித்தாள். மளமளவென்று பதினாறு எண்கள் இறங்கின. பிள்ளைகள் "எழுவத்தி நாலு! நூத்திப் பதினொண்ணு!" என்று கூடவே கத்தினார்கள். கடைசியில் ஐநூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்து நின்றதும் அந்த அறையில் எழுந்த கைதட்டல் மாதிரி நான் கேட்டதே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"சபாஷ்" என்றார் அதிகாரி. "இதுக்கு முன்னாடி எம்புட்டு நேரம் இதுல அடிச்சிருப்ப?"

"தொட்டதே இல்ல சார்! இன்னைக்குத்தான்!" என்றாள் அவள், முகமெல்லாம் பல்லாக.

அவர் பதிவேட்டைத் திறந்தார். அவள் பெயருக்கு நேரே வாரம் தவறாமல் ஒரு மணி நேரம்.

"இது யார் கையெழுத்து?"

பெரிய டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுது சார்" என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. நாளையிலிருந்து ஒவ்வொரு பெண்ணும் அதைத் தொட்டாக வேண்டும் என்று பெரிய டீச்சரிடம் சொன்னார். என்னைப் பற்றி எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார். ஏப்ரலோடு என் வேலை முடிந்தது. வைகாசியில் முகூர்த்தம்.

அதிகாரி வந்துபோன அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் என் பின்னாலேயே ஓடி வந்தாள். "டீச்சர், நான் நல்லாப் பண்ணுனேனா?"

பொய் எழுதியவள் நான். எழுதச் சொன்னவர் பெரிய டீச்சர். அவரிடம் ஒரு வார்த்தை பேச எனக்குத் தைரியம் இருக்கவில்லை. பதினாலு வயதுப் பெண்ணிடம் பேச மட்டும் இருந்தது. "நல்லாத்தான் பண்ணுன. என் பொழைப்பைக் கெடுத்துட்ட" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பிள்ளைகள் வரிசையில் நின்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கம்ப்யூட்டரில் அடித்தார்கள். ஒரே கும்மாளம். அவள் முறை வந்தது. நகரவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வா, வந்து அடி" என்றேன்.

"வேணாம் டீச்சர். நான் இங்கிட்டே நின்னு சொல்றேன்" என்றாள்.

ஏப்ரல்வரை தினமும் கூப்பிட்டேன். அவள் அதைத் தொடவே இல்லை.