மடிப்பு விழாத படங்கள்

சிகரெட்டுப் படம் மாற்றுவதற்கென்று ஒரு முறை இருந்தது. அந்த முறையை மீறியவன் கிராணியார் மகன். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதை எப்போது வந்தாலும், "இவ சின்ன வயசுல படம் திருடி மாட்டிக்கிட்டாளே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சிரிக்க வேறு செய்வார்கள். என் கல்யாணத்தன்று ஒரு சித்தி அதை மாப்பிள்ளை வீட்டார் காதுபடவே சொன்னாள். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததை வெட்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது கோபம்.

அந்தக் காலத்தில் சிகரெட்டுப் பெட்டிக்குள் ஒரு சிறிய அட்டை இருக்கும். முன்பக்கம் வண்ணப் படம், பின்பக்கம் அதன் எண்ணும் இங்கிலீஷில் நாலு வரியும். புகைபிடிக்கிறவர்கள் அதைப் பெட்டியோடு வீசிவிடுவார்கள். பிள்ளைகள் நாங்கள் பொறுக்கிச் சேர்ப்போம். அந்த வருஷம் வந்தது கப்பல் வரிசை. பாய்மரக் கப்பல், போர்க்கப்பல், தபால் கப்பல் என்று ஒவ்வொன்றும் கடலோடு சேர்த்து அப்படியே வரைந்திருக்கும். வரிசை முழுவதையும் சேர்த்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் யாரும் இல்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. சிவப்புப் புகைபோக்கி வைத்த பயணிக் கப்பல்.

சனிக்கிழமை மத்தியானங்களில், பினாங்கு ஸ்திரீட்டில் மூடிக் கிடந்த ஒரு துணிக்கடையின் அஞ்சடியில் கூடுவோம். கடைகளை ஒட்டிக் கூரைக்குக் கீழே ஓடும் நடைபாதையை அப்படித்தான் சொல்வோம். அங்கே நடந்த வியாபாரத்தில் இருந்த மரியாதையைப் பிற்பாடு நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை. படத்தை யார் முகத்துக்கும் நேரே நீட்டக்கூடாது. தரையில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். எதிரில் இருப்பவர் "பாக்கலாமா?" என்று கேட்டு, உடையவர் தலையசைத்த பிறகுதான் தொடலாம். அதுவும் ஓரத்தை மட்டும். முதலில் பின்பக்கம் பார்க்க வேண்டும்; முன்பக்கம் அழகால் ஏமாற்றிவிடும். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஊசி ஓட்டை, பசை ஒட்டு இருக்கிறதா என்று பார்க்கலாம். குறை தெரிந்தால் விரலால் காட்டலாமே தவிர வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பார்த்து முடித்துக் கைக்குட்டையில் திரும்ப வைக்கும்வரை, பதிலுக்கு என்ன தருவேன் என்று பேச்செடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, படம் எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை.

கூட்டத்தில் ஒரு தகரக்கடைச் சீனப் பையன் இருந்தான். நல்ல படத்தைக் கண்டால் "பாரு, பாரு!" என்று கத்துவான். மலாயில் அது "புதுசு". எங்கள் தமிழ்க் காதில் "பார்" என்று விழும். இரண்டுக்கும் நாங்கள் எட்டிப் பார்ப்போம் என்பதால் குழப்பம் எதுவும் வந்ததில்லை.

இந்த முறைகளையெல்லாம் வகுத்தவன் கிராணியார் மகன். அவன் அப்பா கப்பல் கம்பெனி ஆபீசில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. மகன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தான். படத்தின் பின்பக்கத்தை அவன் வாசித்துக் காட்டினால் நாங்கள் கேட்டுக்கொள்வோம்.

என் அப்பா டோபி. குயின் ஸ்திரீட்டுக்குப் பின்சந்தில் கடை. கம்பெனித் துரைமார் பங்களாத் துணிகள் எங்களிடம்தான் வரும். அந்த வேலையை எங்களுக்குப் பார்த்துக் கொடுப்பவர் இந்தக் கிராணியார். சட்டைப் பையில் எது கிடந்தாலும், ஒரு பொத்தானே ஆனாலும், அப்பா அதைத் துணியிலேயே முடிந்து திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடி அந்தப் பழக்கம்தான். எனக்குக் கிடைத்த படங்கள் ஒவ்வொன்றும் என் தாய்மாமா கொடுத்தவை. மாமா அப்போது கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். கப்பல்துறையில் கம்பெனிச் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை. அவர் பிடிப்பது சுருட்டு. ஆனாலும் வாரம் தவறாமல் படம் கொண்டுவருவார். "தொரைமாருங்க பிடிச்சுட்டுப் போடற பெட்டி, கெடங்கு வாசல்ல குப்பையா கெடக்கும்மா" என்பார். மற்ற பிள்ளைகளின் படங்களில் மடிப்பும் கறையும் இருக்கும். என்னுடையவை சலவைத் துணிபோல இருக்கும். டோபி மகளுக்கு அதுதானே பொருத்தம் என்று எனக்குப் பெருமை.

அந்தச் சனிக்கிழமை, சிவப்புப் புகைபோக்கிக் கப்பல் கிராணியார் மகனிடம் இரண்டு இருந்தது. நான் என் கைக்குட்டையில் ஒரு போர்க்கப்பலை வைத்தேன். அவன் கேட்காமலே எடுத்தான். பின்பக்கம் பார்க்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனான்.

"சவுக்கார வாசம் அடிக்குது லா."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்ணும் அடிக்கல. குடு இங்க" என்றேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்? ஒன் மூக்கு பழகிப்போயிருக்கும். எந்தத் தொரை சட்டைப் பையில எடுத்த?"

என் உடம்பெல்லாம் எரிந்தது. மாமா கொடுத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கிருந்து வந்தது என்று கேட்பதே தவறு; தவறான கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? "அப்படிக் கேக்கிறது மொறையா? நீதானே மொறை வச்ச?" என்று கத்தினேன்.

சீனப் பையன் படத்தை அவனிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இனி பாரு லா. பாரு!" என்றான். மலாயில் "இனி" என்றால் "இது". எனக்குச் சட்டென்று உறைத்தது. ஆமாம், புதுசு. சட்டைப் பையில் கிடந்த படம் வளைந்திருக்காதா? முனை மழுங்கியிருக்காதா? அந்தப் பையன் எனக்காகச் சாட்சி சொல்லிவிட்டான்! ஆனால் கிராணியார் மகன் அதைக் காதில் வாங்கவில்லை. என் போர்க்கப்பலைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "அப்பாகிட்ட காட்டிட்டுத் தரேன்" என்று போய்விட்டான்.

மறுநாள் காலையில் கிராணியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அப்பாவையும் என்னையும் கூப்பிடுகிறார்களாம். அப்பா இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பையில எடுத்தியா?"

"இல்லப்பா. எல்லாம் மாமா குடுத்தது."

"அப்பறம் என்ன? வா, சொல்லிட்டு வந்துருவோம்."

என் படங்கள் இருந்த பிஸ்கட் டின்னை நானே தூக்கிக்கொண்டேன். அப்பா நிமிர்ந்து நடந்தார். நான் அவருக்கு முன்னால் நடந்தேன். அன்றைக்குக் கிராணியார் மகன் காலில் விழுந்தாலும் மன்னிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

கிராணியார் பனியனோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். பக்கத்து மேஜையில் என் போர்க்கப்பல் கிடந்தது. அப்பா படிக்குக் கீழே நின்றுகொண்டார். நான் நிற்கவில்லை. மேலே ஏறிப் போய், மேஜையில் கைக்குட்டையை விரித்து, படங்களை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் தெரியும்படி வைத்தேன்.

"பாருங்க ஐயா. தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. ஒரு மடிப்பு இருக்கா? முனை தேஞ்சிருக்கா? இப்பத்தான் பெட்டியத் தொறந்து எடுத்த மாதிரி இருக்கு. சட்டைப் பையில கெடந்தா இப்படியா இருக்கும்?"

அதைவிடச் சரியாக யார் வழக்காடியிருக்க முடியும்? கிராணியார் ஒரு படத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். முகர்ந்தார். மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா. ஒடைக்காத பெட்டியில இருந்து வந்த மாதிரிதான் இருக்கு" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "கெடங்குல சிகரெட்டுச் சரக்கு கொறையுதுன்னு தொரை ரெண்டு மாசமா சத்தம் போட்டுக்கிட்டு இருக்காரு. ஆளைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்." என் பக்கம் திரும்பினார். குரல் இனிப்பாக இருந்தது. "யாரும்மா குடுத்தா ஒனக்கு?"

"எங்க மா..."

அப்பா படியேறி வந்ததை நான் பார்க்கவில்லை. அவருடைய கை என் வாயின்மேல் விழுந்தது.

"பங்களாத் துணியில எடுத்திருச்சுங்க ஐயா. எனக்குத் தெரியும். கண்டிக்காம விட்டது என் தப்பு. புள்ளைய மன்னிச்சிருங்க."

நான் உதறினேன். அவர் கையைக் கடித்தேன் என்றுகூட ஞாபகம். அப்பா விடவில்லை.

கிராணியார் அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். அவ்வளவுதான். நம்பிவிட்டார். இன்றுவரை என் நெஞ்சு ஆறாத இடம் இதுதான். ஒரு சிகரெட்டுப் படத்தை முன்னும் பின்னும் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் பிறகுதான் நல்லது கெட்டது சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. மடிப்பில்லாத படம் மேஜைமேல் கிடக்கிறது. அதைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவர், டோபி மகள் திருடினாள் என்று சொன்னதும், இன்னொரு தடவை புரட்டிப் பார்க்காமல் நம்பினார். அதை நம்புவதற்கு அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. வேறு வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் அப்படி நம்பியிருப்பாரா?

டின்னைக் கிராணியார் வாங்கி வைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கேட்க மாட்டேன் என்று நின்றேன். எனக்காக அப்பா கேட்டார். கதவோரம் நின்ற கிராணியார் மகன் அதையெல்லாம் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மாதத்தோடு பங்களாத் துணி நின்றுபோனது. அது வேறு டோபிக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டே மாமாவிடம் ஓடினேன். அவர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நான் எடுக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்கதானே குடுத்தீங்க? வாங்க, வந்து கிராணி வீட்ல சொல்லுங்க!"

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா என்னை இழுத்தாள். அப்பா வாசலில் நின்றபடி கேட்டார்:

"இன்னும் இருக்கா?"

"இல்ல மச்சான்" என்றார் மாமா.

"சத்தியமா?"

மாமா சோற்றுத் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். படம் இன்னும் இருக்கிறதா என்றுதான் அப்பா கேட்கிறார் என்று நினைத்தேன். இருந்தால் அதையும் கொண்டுபோய்க் கிராணியிடம் கொடுத்துவிடுவார் போல என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் சாப்பிடக் கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அவர் எனக்குப் பிடித்த கருவாட்டுத் துண்டை என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

கொஞ்ச நாளில் மாமா துறை வேலையை விட்டுவிட்டுக் கடலுக்கு அக்கரையில் இருந்த பட்டர்வொர்த்துக்குக் கிளம்பினார். அங்கே ரயில் பாதையில் கூலி வேலையாம். அம்மா படகுத்துறை வரை கூடப் போய் அழுதுவிட்டு வந்தாள். நான் வழியனுப்பப் போகவில்லை. கிளம்பும்போது என் தலையில் கை வைக்க வந்தவரைத் தட்டிவிட்டேன். தெருவெல்லாம் என்னைத் திருடி என்று பேசுகிறார்கள். அந்த அவமானம் தாங்காமல்தான் மாமா ஊரைவிட்டே போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. எனக்காக ஒரு வார்த்தை பேச வராத மனுஷனுக்கு இவ்வளவு ரோஷமா என்று, அவர் போன பிறகும் வெகுநாள் அவரைக் கருவிக்கொண்டே இருந்தேன்.