ஐஸ் கம்பெனியில் ஒரு மயில்

மயில்தோகை எவ்வளவு நீளமாக இருந்தாலும் பனிக்கட்டி மேல் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும் என்றுதான் நம்பியிருந்தேன். ஐம்பது வயதில் என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

கோலாலம்பூரில் பனிமேல் சறுக்கி ஆடும் குழுவில் இருக்கிற என் மகளின் மயில் வேஷத்துக்காக நான் தைத்த தோகை அது. மதுரைக்குப் போய் கூரியரில் போடுவதற்காக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். மகள் போனில் கூப்பிட்டு, "தோகை தரையில உரசாதுல்லப்பா? ஷூ பிளேடுல மாட்டுனா விழுந்துருவேன்" என்கிறாள். உடனே சங்கரன்கோவிலில் இறங்கி, ஐஸ் கம்பெனி எங்கே என்று விசாரித்துக்கொண்டு ஓடுகிறேன்.

"மீன் எத்தன பெட்டி அண்ணாச்சி?" என்கிறார் கம்பெனிக்காரர்.

"மீன் இல்ல, மயிலு."

அவர் சிரிக்காமல் ஒரு ஐஸ் பாளத்தைக் காட்டுகிறார். தோகையின் நுனியை அதன்மேல் விரிக்கிறேன். கொஞ்ச நேரத்தில் துணி நனைந்து பாளத்தோடு ஒட்டிக்கொள்கிறது, இழுத்தாலும் வர மறுக்கிறது. ஐஸ் கம்பெனிக்குள் நின்று வியர்த்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"இம்புட்டு நீளமா எதுக்குத் தச்சிய?"

"தச்சு முடிச்சிட்டா பிள்ளைக்குன்னு செய்ய வேற வேலை இல்லையே, அண்ணாச்சி. அவ ஊருக்கு வந்து மூணு வருஷமாச்சு."

அவர் சாக்கு வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டுகிறார். ஒட்டிய நுனியைப் பாளத்திலேயே விட்டுவிட்டு, மகளின் கணுக்காலுக்கு மேலே நிற்கிற அளவுக்கு வெட்டுகிறேன்.

அடுத்த வாரம் அந்தத் தோகையோடு அவள் விழாமல் ஆடி முடித்தாள். அரங்கத்தில் வீடியோ எடுக்க விடமாட்டார்களாம், அதனால் நான் இன்னும் பார்க்கவில்லை.