‘முழுசா எடுத்துவிடுங்கோ’ என்று சொன்னது யார்?

1. முதல் நாள்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக நான் சேர்ந்த முதல் நாள், கொட்டாஞ்சேனைப் பெண் ஒருவர் மேசையில் மயக்கத்தில் இருந்தார். சேர்ஜன் அவருடைய மார்பிலிருந்த கட்டியை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்து நின்றார். புரோசன் செக்சன் என்பார்கள். கட்டியை உறைய வைத்து, சீவி, அப்போதே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். தொலைபேசி வந்தது. புற்றுநோய்தான். உடனே முழு மார்பையும் எடுத்தார்கள்.

கண் விழித்ததும் அந்தப் பெண் கையை மெதுவாகக் கொண்டுபோய் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பிறகுதான், “மிஸி, இவருக்குத் தெரியுமோ?” என்றார்.

கணவர் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ‘ஓம்’ சொல்லியிருந்தார். தெரியாமல் இருந்தது அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான். அன்றைக்குப் பிடித்த சந்தேகம் என்னை இன்னும் விடவில்லை. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி வேறொருவர் கதைக்கத் தொடங்கினால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

2. பக்கம் மாறிய சந்தேகம்

அந்தக் காலத்தில் கட்டி புண்ணாகி, அதைத் துணியால் மறைத்துக்கொண்டு வருவார்கள். ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டால், “நோகேல்லை மிஸி, அதுதான் வரேல்லை” என்பார்கள். இப்போது கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டிகூட மமோகிராமில் தெரிகிறது. ஊசியால் பயொப்சி எடுத்து, முடிவு வந்த பிறகு, நோயாளியோடு கதைத்துத்தான் கத்தியை எடுக்கிறார்கள். கட்டி சிறிதென்றால் அதையும் சுற்றியுள்ள கொஞ்சத்தையும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தால் பலருக்குப் போதும். அக்குளில் உள்ள நெறிகளை, அதாவது நிணநீர்க் கணுக்களை, மொத்தமாக வழித்தெடுத்த காலமும் போய்விட்டது. முதலில் ஒன்றிரண்டை எடுத்துப் பார்க்கிறார்கள். அதனால் முன்புபோல் கை வீங்கி அவதிப்படுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் சந்தேகம் குறையவில்லை. முன்பு, “ஏன் முழுசா வெட்டினவை?” என்று கேட்டவர்கள் இப்போது, “ஏன் முழுசா வெட்டேல்லை? இந்த டொக்டருக்குப் பழக்கம் காணாதோ?” என்கிறார்கள்.

3. வெள்ளவத்தைத் தம்பதி

அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்தேன். அங்கேதான் வசந்தி வந்தார். வெள்ளவத்தை. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் பரமநாதன் கூடவே வந்தார். கதைத்ததெல்லாம் அவர்தான்.

கட்டியை மட்டும் எடுத்து, பிறகு சில கிழமைகள் ரேடியேஷன் கொடுக்கலாம் என்று சேர்ஜன் விளக்கினார். பரமநாதன் இடையில் புகுந்தார்.

“வேண்டாம் டொக்டர். முழுசா எடுத்துவிடுங்கோ. அதுதான் எங்களுக்கு நிம்மதி.”

“அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?”

“இவர் சொன்னதுதான்,” என்றார் வசந்தி.

எங்களுக்கு நிம்மதியாம். மார்பு யாருடையது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயொப்சி எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி மனிதரை வெளியே அனுப்பினேன். அந்த இடம் எப்போதோ ஆறிவிட்டது.

“அக்கா, இது ஆரின்ர முடிவு? ஐயா சொல்லித் தந்தவரோ?”

“இல்லை மிஸி, நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தனான். அவருக்கு விருப்பமில்லை. வீட்டில அழுதிட்டு வந்த மனுசன்.”

அதையும் நான் சட்டென்று நம்பவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“மகள் அபிராமிக்கு ஒரு சம்பந்தம் பேசியிருக்கு. சாதகமும் பொருந்தீட்டுது. ஒப்பரேஷன் எண்டால் பித்தப்பையில கல்லு எண்டு சொல்லிப்போட்டு வீட்டை வந்திடலாம். ரேடியேஷன் எண்டால் நாள்தோறும் மகரகமவுக்கு அலையவேணும். ஆரும் கண்டால் சம்பந்தம் குழம்பிப்போம்.”

மகரகமவில்தான் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த ஊர்ப்பெயரைச் சொன்னாலே எங்கள் ஆட்களுக்குப் புற்றுநோய்தான். அந்த பஸ்ஸில் ஏறுவதை யாரும் காணக்கூடாது என்பதற்காக வசந்தி ஒரு மார்பைக் கொடுக்கத் தயாராக இருந்தார். முழுவதையும் எடுத்தாலும் சில வேளை ரேடியேஷன் தேவைப்படலாம் என்றேன். அதை அவர் யோசித்திருக்கவில்லை.

“மகளுக்குத் தெரியுமோ?”

“கொழுப்புக் கட்டி எண்டு சொல்லியிருக்கு.”

குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்ததா என்று சேர்ஜன் கேட்டபோது வசந்தி ‘இல்லை’ என்றிருந்தார். கேள்வி முடியும் முன்னரே வந்த ‘இல்லை’ அது. அப்படிப்பட்டவற்றை நான் நம்புவதில்லை. திரும்பவும் கேட்டேன்.

“அம்மாவுக்கு நெஞ்சில புண் ஒண்டு இருந்தது. சூட்டுக் கட்டி உடைஞ்சது எண்டு சொன்னவை. எங்களைக் கிட்டப் போக விடேல்லை. சின்னம்மாவும் அப்பிடித்தான் செத்தவ.”

“அது என்ன புண் எண்டு இப்ப தெரியுதோ அக்கா?”

வசந்தி ‘ஓம்’ என்று தலையாட்டினார்.

“இது தாய் வழியா பிள்ளைக்கும் வரலாம். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களும் மறைச்சால் அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?”

வசந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

4. பிறகு

குடும்பக் கதையைக் கேட்ட சேர்ஜன் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினார். முழுவதையும் எடுப்பதும் ஒரு வழிதான், அதில் பிழையில்லை என்றார். இந்த முறை வசந்தியே கேள்வி கேட்டார். யோசித்துவிட்டு வந்து, கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். வீட்டில் மகளுக்கும் சொன்னார்.

ரேடியேஷன் வரிசையில் முதல் நாளே, ரொறன்ரோவில் மகனோடு இருப்பதாக ஊரே நம்பிக்கொண்டிருந்த, வசந்தியின் மாடி வீட்டு அம்மா உட்கார்ந்திருந்தாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விறைத்துப்போனார்களாம்.

சம்பந்தம் நிலைக்கவில்லை. அபிராமி தானே மாப்பிள்ளையிடம் சொன்னாள். அடுத்த கிழமை மாப்பிள்ளை வீட்டில் சாதகம் திடீரென்று பொருந்தாமல் போய்விட்டது. அதன் பிறகு கிளினிக்குக்கு வந்தால் வசந்தி என் முகத்தைப் பார்ப்பதில்லை. மனது கஷ்டப்பட்டது. ஆனாலும் கேட்டது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை.

சில மாதம் கழித்து அபிராமி பரிசோதனைக்கு வந்தாள். தாயும் வந்து பக்கத்தில் இருந்தார். புதிதாக வந்திருந்த டொக்டர், “குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ?” என்று கேட்டார். அபிராமி வாயைத் திறக்க முன்னரே வசந்தி சொன்னார்:

“என்ர அம்மாவுக்கு மார்பில கான்சர். சின்னம்மாவுக்கும். எனக்கும்.”

கதவு திறந்திருந்தது. வெளியே வெள்ளவத்தை ஆட்கள் இருந்தார்கள். அவர் குரலைத் தணிக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பெண் ‘ஓம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருதரம் கேளுங்கள். அப்போது சொல்வதையும் உடனே நம்பிவிடாதீர்கள். வசந்தியின் முதலாவது ‘இல்லை’யை நான் நம்பியிருந்தால், அன்றைக்கு அந்தக் கதிரையில் அபிராமி இருந்திருக்க மாட்டாள்.