இடது காலின் எட்டு மாத ஓவர்டைம்

போன செவ்வாய்க்கிழமை கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

இடம்: ஆரியசாலையில் எங்கள் வீட்டு மாடிப்படி. கீழே மொத்த வியாபார மிளகாய்க் கடை, மேலே நாங்கள். நடுவே இருபத்திரண்டு படிகள். பதினோராவது படியில் ஒரு ஜன்னல் உண்டு. அதில் எட்டிப் பார்த்தால் பின்வீட்டுப் பலாமரம் தெரியும். இரண்டு மாதமாக நான் அந்த ஜன்னலில் நின்று மரத்தை ரசித்து வருகிறேன். ஒவ்வொரு முறை ஏறும்போதும் ரசிக்கிறேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்... இயற்கையின் மேல் அப்படி ஒரு திடீர்க் காதல்!

செவ்வாய்க்கிழமையும் ரசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி காய்கறிப் பையைப் படியில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன பாக்கிய?"

"சக்கைதான். நல்லாக் காய்ச்சிருக்கு." பலாவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

"அதுல கெடந்த சக்கையெல்லாம் போன மாசமே வெட்டியாச்சு. நமக்கும் ஒரு துண்டு தந்தாவ, நீங்களும் தின்னிய. இப்ப மரத்துல வெறும் இலைதான் இருக்கு. இடது காலு வலிக்குன்னு நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டா?"

இந்தப் பத்தியை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — எட்டு மாதத்துக்கு முன் எனக்கு வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். தேய்ந்த எலும்பை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அதற்காக மூன்று வாரம் நான் எழுதவில்லை. 'கடந்த மூன்று இதழ்களும் மிக நன்றாக இருந்தன' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். நல்ல மனிதர்.

புது மூட்டு பிரமாதம். குறை சொல்ல ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் ஆபரேஷனுக்கு முன் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, வலது பக்கத்தைக் காட்டி ஐந்து நிமிடம் விளக்கினார். பிறகு பேனா முனை மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. இதுவும் அப்படியொன்றும் இளசு இல்லை, பார்க்கலாம் என்றார்.

பார்க்கலாமா? பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் இதைத்தானே சொல்கிறார்கள்? அதன் பிறகு அந்த வீட்டில் யாருக்காவது நிம்மதி உண்டா?

அன்றிலிருந்து என் ஒரு காது இடது இடுப்பிலேயே இருந்தது. நாற்காலி கிறீச்சிட்டால், நாற்காலியா நானா என்று எழுந்து உட்கார்ந்து பரிசோதிப்பேன். இரண்டு மாதத்துக்கு முன் நிஜமாகவே வலி வந்தது. படியேறினால் வலி. இறங்கினாலும் வலி. சரி, இரண்டாவதும் போயிற்று என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? அடுத்த மாதம் எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். இங்கே ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவருக்குப் 'பைஸ்டாண்டர்' என்று பெயர். பெயரைப் பார்த்தால் சும்மா பக்கத்தில் நிற்கிற வேலை போலத் தோன்றும். போன தடவை என் மனைவி பதினோரு நாள் தரையில் பாய் விரித்துப் படுத்தாள். எனக்கு பெட்பேன் வைத்தாள். கஞ்சி ஆறிவிட்டது என்று நான் கோபித்துக்கொண்டபோது கான்டீனுக்கு ஓடினாள். இப்போது இரண்டாவது இடுப்பும் போய்விட்டால்? எலும்பு வார்டில் நான், பிரசவ வார்டில் மகள். பேஷண்ட் இரண்டு, பைஸ்டாண்டர் ஒருத்தி. எந்தப் பக்கம் நிற்பாள்?

அதனால்தான் பலாமரம்.

புதன்கிழமை காலையில் அவளே ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து கீழே நின்றாள். புது எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெகுநேரம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் மனைவி இருவரையும் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தாள். கடைசியில் டாக்டர், கொஞ்சம் தேய்மானம் இருக்கிறது, ஆனால் எட்டு மாதத்துக்கு முன் இருந்த அதே அளவுதான், வலி இதனால் வரவில்லை என்றார். பிறகு எதனால்? அவருக்கும் தெரியவில்லை. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்.

அங்கே ஷீபா என்று ஒரு பெண். ஆபரேஷன் முடிந்து எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள். அறையின் மூலையில் மரத்தால் மூன்று படி செய்து வைத்திருப்பார்கள். ஏறிக் காட்டச் சொன்னாள். பெருமையோடு ஏறினேன்.

பெருமைக்குக் காரணம் உண்டு. டிஸ்சார்ஜ் ஆன அன்று ஷீபா எனக்கு ஒரு விதி சொல்லித்தந்தாள். ஏறும்போது நல்ல காலை முதலில் வை, ஆபரேஷன் செய்த கால் பின்னால் வந்து சேரட்டும். இறங்கும்போது ஆபரேஷன் காலை முதலில் வை, நல்ல கால் மேலே நின்று தாங்கட்டும். அன்று வீட்டுக்கு வந்தபோது ஒரு சிக்கல். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர் வலது காலை எடுத்துவைத்துத்தான் உள்ளே வரவேண்டும் என்று ஆரத்தித் தட்டோடு நின்றாள் என் மனைவி. ஷீபாவோ இடது என்கிறாள். கடைசியில் உடன்படிக்கை ஏற்பட்டது. மாடிப்படி முழுக்க ஷீபாவுக்கு, வாசல்படி மட்டும் மனைவிக்கு. வாழ்க்கையில் ஒரு விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடிக்காத நான், அந்த ஒரு விதியை மட்டும் எட்டு மாதமாக ஒரு படி தவறாமல் காப்பாற்றி வந்தேன்.

ஷீபா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"அங்கிளே, இப்பவும் இப்படித்தான் கேறுதா?" தமிழர்களுக்கென்று அவள் வைத்திருக்கும், மலையாளம் கலந்த தனித் தமிழ் அது. கேறுவது என்றால் ஏறுவது.

ஆமாம் என்றேன், மார்க் எதிர்பார்க்கிற மாணவனைப் போல.

"அது ஆறு வாரத்துக்கு மட்டும் அல்லே? அது கழிஞ்சு ரெண்டு காலும் மாறி மாறி வைக்கணும். ரிவ்யூக்கு வந்தப்போ நான் பறஞ்சிருப்பேனே..." என்றபடி நோட்டைப் புரட்டினாள். நிறுத்தினாள். ஆறாவது வார ரிவ்யூவில் என் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரிவ்யூ அன்று அவள் மருந்துக் கவுண்டரில் வரிசையில் நின்றிருந்தாள். பிசியோதெரபிக்குப் போய்விட்டு வந்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னவன் நான்தான். நிஜத்தில் அங்கே போகிற வழியில் கான்டீன். கான்டீன் வாசலில் கண்ணாடிப் பெட்டி. பெட்டியில் அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி. டாக்டர்தான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டாரே, இனி எதற்கு பிசியோதெரபி?

"எத்தன தின்னிய?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: மூன்று.

ஆக, நடந்தது இதுதான். புது மூட்டு ஆறு வாரத்தில் வேலைக்குத் தயாராகிவிட்டது. அதற்கு நான் வேலை கொடுக்கவே இல்லை. என் எண்பது கிலோவையும் இருபத்திரண்டு படி தூக்கியதும் இடதுகால்தான், இறக்கியதும் அதுதான். ஒரு நாளைக்கு நாலு தடவை, எட்டு மாதம். வலிக்காமல் என்ன செய்யும்? அதற்கு நான் வைத்த பெயர் தேய்மானம்! ஆபீஸிலும் பார்த்திருப்பீர்கள். முணுமுணுக்காமல் செய்கிறவர் மேஜையில்தான் ஃபைல்கள் போய்ச் சேரும். ஒருநாள் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டால், 'வயசாயிடுச்சு பாவம்' என்பார்கள்.

வலதுகாலை இனி உழைக்க விடச் சொல்லி, நாலு பயிற்சி எழுதித்தந்தாள் ஷீபா. இரண்டாவது இடுப்பு எத்தனை காலம் ஓடும் என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அடுத்த மாதம் நிச்சயம் ஓடும். அது போதும். அந்த ஒரு மாதத்தைத்தானே நான் வேண்டிக்கொண்டிருந்தேன்? டாக்டருக்கு நன்றி, ஷீபாவுக்கு நன்றி, விடுப்பே கேட்காமல் உழைத்த என் இடதுகாலுக்கு ரொம்ப நன்றி.

ஆட்டோவில் திரும்பினோம். சாலைக் கடைத்தெரு நெரிசலில் வண்டி நின்றபோது என் மனைவி சொன்னாள் — நாகர்கோவிலில் இருக்கும் தன் தங்கைக்குப் போன மாதமே கடிதம் போட்டுவிட்டாளாம். ஒருவேளை அவருக்கும் ஆபரேஷன் என்றால், நீ வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள், நான் அவரோடு இருக்கிறேன் என்று. நான் மறைத்து வைத்திருந்த கவலைக்கு அவள் ஏற்பாடே செய்து முடித்திருந்தாள்.

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்களாச் சொல்லுவியன்னு பாத்தேன்."

வீட்டுக்கு வந்தோம். கீழ்ப்படியில் நின்று, நீ முன்னால் போ என்றேன். முடியாது, நீங்கள் ஏறுங்கள் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக அவள் எனக்கு முன்னால் ஏறியதே இல்லை. ஒரு படி கீழேதான் வருவாள். முழங்கால் வலி, அதனால் மெதுவாக வருகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் விழுந்தா பிடிக்கவா? நீ நாப்பத்தெட்டு கிலோ. எண்பதை எப்படிப் பிடிப்ப?"

"பிடிக்க முடியாதுதான். ஒத்தையில விழ வேண்டாம்லா."

வலதுகாலை வைத்தேன். பிறகு இடது. பிறகு வலது... பலாமரத்தைப் பார்க்காமலே மேலே வந்து சேர்ந்தேன்.

நேற்றிலிருந்து அவளைத்தான் முன்னால் ஏறச் சொல்கிறேன். பின்னால் எண்பது கிலோ வருகிறது என்ற தைரியம் அவளுக்கும் வேண்டாமா?