இடது சிக்னல்

நான் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டது என் மனைவிக்காக. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அவள் உட்பட. கற்றது நிஜ லாரியும் அல்ல. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு ஸ்டீயரிங்கை முடுக்கி வைத்து, கணினித் திரையில் ஐரோப்பிய மலைகளில் ஓட்டும் லாரி.

மாமியார் வீடு பாலிக் புலாவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போவது வழக்கம். ரெலாவ் பக்கமாக மலை ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். ஒரு ஞாயிறு அடிவாரத்துக்கு வந்ததும் காருக்குள் ஏதோ தீய்ந்த வாடை. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. வழி நெடுக பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன், சூடேறிவிட்டது. மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: “இனிமே இந்த மலையில ஒங்க கூட வர மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். அதற்குப் பிறகு அவள் பாயான் லெப்பாஸைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போவாள், நான் காரில் போவேன். ஒரே வீட்டிலிருந்து கிளம்பி ஒரே வீட்டுக்குப் போய்த் தனித்தனியாக இறங்குவோம். நானும் அந்தச் சுற்று வழியிலேயே அவளை ஏற்றிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறது. அவள் அதே மலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லாரி விளையாட்டில் முதலில் புரிகிற விஷயம், கால் பிரேக் நிறுத்துவதற்கு மட்டும்தான் என்பது. இறக்கத்தில் வண்டியைப் பிடித்து வைக்க வேறு இரண்டு இருக்கின்றன. ஒன்று எஞ்சின் பிரேக். கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொண்டே சக்கரத்தை இழுத்துப் பிடிக்க வைப்பது. இன்னொன்று ரிட்டார்டர். கைக்குச்சியைக் கீழே இழுத்தால் படிப்படியாக வேகம் அடங்கும், மேலே தள்ளினால் விட்டுவிடும். பிரேக் கட்டைக்குச் சூடே கிடையாது.

கேட்க எளிதாக இருக்கிறது. ஓட்டும்போதுதான் உயிர் போகிறது. எஞ்சின் பிரேக்கைப் போட்டால் தானியங்கி கியர் என்னைக் கேட்காமல் மேலே ஏறும், பின்னாலிருந்து பாரம் தள்ளும். ரிட்டார்டரைப் போட்டால் அதை எடுக்க மறந்துவிடுவேன், சமதரையில் லாரி நொண்டும். இணையத்தில் வரிசையாகச் சேர்ந்து ஓட்டும் நம் ஊர்க் கூட்டம் ஒன்று உண்டு. அதில் பின்னால் வருகிற குரல் காதுக்குள் கத்தும்: “அண்ணே, ரிட்டார்டர எடுங்கலா, பின்னாடி எல்லாம் ஜாம்.” அந்தக் குரலுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. எரிச்சலாக வரும்.

எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது குச்சிகள் இருக்கும் இடம். நம் கார்களில் சிக்னல் குச்சி வலது பக்கம், வைப்பர் இடது பக்கம். அந்த லாரியில் சிக்னல் இடது பக்கம், வலது பக்கம் ரிட்டார்டர். நானும் மேசையில் அப்படியே பொருத்தியிருந்தேன். திரும்புவதற்குச் சிக்னல் போடுகிறேன் என்று நினைத்து ரிட்டார்டரை இழுத்து, நடுச்சாலையில் லாரியைத் தூங்கவைத்த நாட்கள் அதிகம். ஸ்டீயரிங்கைக் கழற்றி எறிந்துவிடலாமா என்றுகூட இருந்தது. மெல்ல மெல்லக் கை பழகியது. பழகியதும், வேலைக்குப் போகும் வழியில் சிக்னல் போட நினைத்தால் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் ஓட ஆரம்பித்தது. மனைவி காரில் இல்லாததால் பிழைத்தேன்.

மலை வழியே என்னோடு வரும்படி இரவுச் சாப்பாட்டில் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். “கேம்ல கத்துக்கிட்டு வந்து என்னைய வச்சு டெஸ்ட் பண்றீங்களா?” என்பாள். கடைசியில் ஒரு ஞாயிறு பஸ் வரவே இல்லை. காத்திருந்து அலுத்துப்போய்க் காருக்குள் ஏறினாள்.

“வாடை வந்திச்சுன்னா அங்கேயே எறங்கிருவேன்.”

“வராதும்மா. பாரேன்.”

உச்சியைத் தாண்டியதும் கியரை இரண்டுக்கு இறக்கினேன். எஞ்சின் உறுமியது, கார் அடங்கியது. ‘தாழ்ந்த கியரில் செல்க’ என்று மலாயில் எழுதிய பலகை ஒன்று வந்தது. எத்தனையோ வருடங்களாக அதைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதித்தவன் நான். இப்போது கால் பிரேக்கைத் தொடவே இல்லை. அவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். கதவுப் பிடியை இறுக்கியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அடிவாரத்துக்குச் சற்று முன் சரிவு குறைந்தது. சரிவு குறைந்தால் ரிட்டார்டரை விட வேண்டும். என் வலது கை தானாகக் குச்சியை மேலே தள்ளியது.

காரில் ரிட்டார்டர் ஏது? இடது சிக்னல் துடிக்க ஆரம்பித்தது. எஞ்சின் சத்தத்தில் அது என் காதில் விழவில்லை.

நம் சாலைகளில் மெதுவாகப் போகும் லாரிக்காரர் வலது சிக்னல் போட்டால் முந்தாதே என்று அர்த்தம். இடது சிக்னல் போட்டால் எதிரே ஒன்றுமில்லை, தாராளமாகப் போ என்று அர்த்தம். லாரிக்குப் பின்னால் ஊர்ந்து பழகிய எல்லோருக்கும் இது தெரியும். எனக்குப் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கும் தெரிந்திருந்தது. அதை நம்பி என்னை முந்த வண்டியை வெளியே எடுத்தான். வளைவிலிருந்து லாரி ஒன்று ஏறி வந்தது. ஹாரன் அலறியது. அன்றைக்கு முதல் தடவையாகப் பிரேக்கை மிதித்தேன். கிடைத்த சந்தில் அவன் என் காருக்கு முன்னால் நுழைந்து தப்பினான்.

போகிற போக்கில் இடது கையை உயர்த்திக் காட்டினான்.

“எதுக்குங்க கைய காட்டுறான்?” என்றாள். பிறகு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருந்த இடது சிக்னலின் பச்சை அம்பைப் பார்த்தாள். “வழி விட்டீங்கன்னு தேங்க்ஸ் சொல்லிட்டுப் போறான்.”

பதற்றத்தில் சிக்னலை அணைக்க இடது கையை நீட்டினேன். வைப்பர் ஓடியது.

மாமியார் வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் தன் அம்மாவிடம் முதலில் கேட்டது, திரும்பிப் போக எத்தனை மணிக்குப் பஸ் என்பதைத்தான். நான் காருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்தை முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை. அதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது?