ஜேம்ஸுக்குத் தெரியாமல் வாங்கிய நரம்பு

போன ஞாயிற்றுக்கிழமை நண்பனுக்கு ஒரு துரோகம் செய்தேன். நல்ல எண்ணத்தோடுதான்...

ஜேம்ஸ் என் பள்ளித் தோழன். ஷிப்பிங் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவன். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையில் பாதி பலம் போய்விட்டது. பத்து மாதம் வீட்டோடு கிடந்தவன், திடீரென்று போன் செய்தான்.

"பசுண்டவுங் கால்வாய்ல, தாகேதா கரைப் பக்கம் கொடுவா மீன் அடிக்குதாம். போவோமா? லீடர் மட்டும் நீ வாங்கிட்டு வந்துடு."

லீடர் தெரியும்தானே? தூண்டில் முள்ளுக்கும் ரீலிலிருந்து வரும் முக்கிய நரம்புக்கும் நடுவே கட்டும் துண்டு. மெல்லியதாக இருந்தால் மீனின் கண்ணில் படாது. ஆனால் கொடுவாவின் செவுள் ஓரம் பிளேடு மாதிரி — தடித்த நரம்புதான் தாங்கும்.

கியாக்டடா தூண்டில் கடையில் கடைக்காரம்மா டோ கின், "கொடுவாவுக்கா? ஐம்பது பவுண்டு எடை தாங்குறதா எடுங்க" என்றார். நான் இருபது பவுண்டு எடுத்தேன். பாக்கெட்டில் சால்மன் மீன் படம். சால்மன் எங்கே, பசுண்டவுங் கால்வாய் எங்கே!

பெரிய மீன் மாட்டினால் நரம்பு அறுந்துவிடும். ஜேம்ஸின் கைக்கு ஆபத்தில்லை. இதுதான் என் கணக்கு. மனசு கேட்காமல் ஐம்பதையும் வாங்கிப் பையின் அடியில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, கரையில் ஜேம்ஸின் தூண்டில் ராடு வளைந்தது. ஒரு துள்ளல்... நரம்பு படக்!

ஜேம்ஸ் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை போச்சுடா. இனிமே இந்த ராடெல்லாம் நீயே வச்சுக்க."

சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. தடித்த நரம்பை எடுத்து நீட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"முடியலைன்னா நான் சொல்ல மாட்டேனா? என் கையைப் பத்தி முடிவு பண்ண நீ யாருடா?"

நரம்பைப் பிடுங்கிக்கொண்டான். அவனே கட்டினான் — இடது கையும் பல்லுமாக, இருபது நிமிடம். நான் உதவப் போகவில்லை. போயிருந்தால் என்னையும் கடித்திருப்பான்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி இழுத்தது.

"கிட்ட வராதே!"

ராடை வயிற்றில் முட்டுக்கொடுத்து, இடது கையால் ரீலைச் சுற்றினான். சேற்றில் சறுக்கி முழங்காலில் விழுந்தான். எழவில்லை, அப்படியே சுற்றினான். கால் மணி நேரத்தில் கரையேறியது கொடுவா. இரண்டு வீசை, அதாவது மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். ஜேம்ஸ் சிரித்தானா, அழுதானா... நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கறை என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பாதி, ஆளைக் கேட்காமல் எடுத்த முடிவுதான் போலிருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் ஈரப் பை அவன் மடியில் கனத்தது.

"நான் பிடிச்சுக்கட்டுமா?" என்றேன்.

"வேணாம்" என்றான்.

பாருங்கள், கேட்டால் சொல்லிவிடுகிறார்கள்!